மருந்து பிடிச்சிருக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

குளச்சல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 23 வயது. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற போட்டில் வேலை. கரைக்கு வந்தால் தினமும் குடி, ஒரு குவாட்டருக்குக் குறைவதில்லை. கஞ்சாவும் உண்டோ என்று சந்தேகம். அம்மா யாரிடமோ ஒரு பொடி வாங்கி, மூன்று வாரமாக அவனுக்குத் தெரியாமல் மீன்கறியில் கலந்து கொடுக்கிறாள். போன வாரம் குடித்துவிட்டு வந்தவன் முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். ‘மருந்து பிடிச்சிருக்கு’ என்று அம்மாவுக்கு நிம்மதி. மறுநாளும் குடித்தான். எந்த மறுவாழ்வு மையம் நல்லது? வரமாட்டேன் என்கிறான், ஆள் வைத்துத் தூக்கிப் போகலாமா? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமா.

எஸ்.

அன்புள்ள தங்கச்சி,

மையத்தைத் தேடுவதற்கு முன் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் முன்னால் பேச ஆள் வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, அல்லது மனநல உதவி எண் 14416. தனியார் மையம்தான் என்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஆள் வைத்துக் கட்டித் தூக்குவது கூடாது. மாமாவிடம் சொல், இன்னொரு வீட்டுப் பெண் மருந்துச்சீட்டு அல்ல.

இனி அந்தப் பொடி. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரம் ஒட்டாத சுவர் இல்லை. உன் அம்மாவை நான் ஏசமாட்டேன். மகன் மூச்சு விடுகிறானா என்று ராத்திரி எழுந்து பார்க்கிற தாய், எதையும் கலப்பாள். உன்னைத்தான் ஏசுகிறேன். இவ்வளவு விவரமாகக் கடிதம் எழுதத் தெரிந்த உனக்கு, பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் கேட்கத் தோன்றவில்லையா?

நீ எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், அதில் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துச் சேர்த்திருக்கலாம். நம் ரப்பர் நாட்டுக்கு அதன் கதை தெரிந்திருக்கவேண்டும். ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும்போது சேர்க்கிற பொருள்களின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் குடி ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937இல் ஒரு தொழிற்சாலை மருத்துவர் எழுதினார். 1948இல் டென்மார்க்கில் அது குடியை நிறுத்துவதற்கான மருந்தானது.

உடம்பில் சாராயம் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும், பிறகு அந்த நஞ்சு கரையும். இரண்டாவது வேலையை இந்த மருந்து தடுத்துவிடும். நஞ்சு தேங்கும். முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது. சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகி உயிர் போகும். உன் தம்பி திண்ணையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் என்றால், மருந்து பிடிக்கவில்லை தங்கச்சி, சாவு பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

மருத்துவர் இதே மாத்திரையைத் தருவதுண்டு. ஈரலையும் இதயத்தையும் சோதித்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆனபிறகு, தினம் 250 மில்லிகிராம் போலத் தொடங்குவார். வீட்டில் ஒருவர் பார்த்திருக்க, அவனே தண்ணீர் ஊற்றி விழுங்குவான். குடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்; அந்தத் தெரிவுதான் பாதி மருந்து. தெரியாதவனுக்கு அது வெறும் விஷம். ‘கேஸ் டிரபிள்’ என்று நினைத்து மேலும் ஒரு மடக்கு ஊற்றுவான். அதே ராத்திரி போட்டில் ஏறினால், நடுக்கடலில் யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, என்றாவது அவனுக்குத் தெரியவரும். பிறகு அம்மா ஊற்றும் கட்டங்காப்பியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பான். சிகிச்சைக்குக் கூப்பிட வீட்டில் மிச்சமிருந்த ஒரே கை அந்தத் தாயின் கை.

ஆகவே இன்றே நிறுத்துங்கள். நிறுத்தினாலும் அது உடம்பில் இரண்டு வாரம்வரை வேலை செய்யும். அவனிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ராத்திரி சொல்லாதே. ஒரு குவாட்டர் என்றால் 180 மில்லி, அதில் சுத்தச் சாராயம் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவன் தெளிய விடியற்காலம் ஆகும். காலையில் சாப்பாட்டுக்கு முன், அம்மாவும் இருக்க, சுருக்கமாகச் சொல்: ‘மக்கா, உன் சோத்துல நாங்க மருந்து கலந்தோம். தப்புதான். இனி கலக்கமாட்டோம். இப்ப குடிச்சா உன் உயிருக்கு ஆபத்து. டாக்டர்ட்ட போவோம்.’ அவன் கத்துவான். கத்தட்டும். பதிலுக்குப் பழைய கணக்கை எடுக்காதே.

‘அப்படியென்றால் இன்றோடு விட்டுவிடு’ என்று வீட்டிலேயே அடைத்தும் வைக்காதீர்கள். தினக்குடியைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாததைப் பார்த்துப் பிதற்றலாம். தங்கலுக்குப் போன பிள்ளை இரண்டாம் நாள் போட்டில் வலிப்பு வந்து விழுகிறான் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். குடித்தாலும் ஆபத்து, திடீரென நிறுத்தினாலும் ஆபத்து என்ற இடத்தில் அவனை நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் அன்று காலையே மருத்துவமனை. முகம் சிவந்து மூச்சுத் திணறினாலோ வலிப்பு வந்தாலோ 108.

கஞ்சாவுக்கு இந்த மருந்து எதுவும் செய்யாது. போலீஸ் பயமும் வேண்டாம். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவரை வழக்கிலிருந்து காக்கத்தான் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது.

அவன் வராவிட்டால் நீயும் அம்மாவும் போங்கள். குடிப்பவர் வராமலே குடும்பத்தோடு வேலையைத் தொடங்கும் முறைகள் உண்டு. எப்போது பேசுவது, குடிக்காத நாளில் எப்படிக் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, அவன் கடனை ஏன் நீங்கள் அடைக்கக்கூடாது, அடிக்க வந்தால் எங்கே போவது என்பதெல்லாம் பழகவேண்டியவை. அம்மாவின் தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் அங்கேயே பார்த்துவிடு.

அந்தப் பொட்டலத்தைக் கோபத்தில் அடுப்பில் போட்டுவிடாதே. அப்படியே ஒரு கவரில் கட்டி, எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, டாக்டர் மேஜையில் வை.

அன்புடன்,
அண்ணன்