பின்வாசல் வரை வந்த பார்சல்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் கேட், அதைத் தாண்டினால் நாலு எட்டில் வாசற்கதவு. பக்கவாட்டில் ஒரு குறுகலான சந்து, அது பின்கட்டுக்குப் போகும். போன வாரம் நானும் கணவரும் ஆபீஸில் இருந்தபோது ஒரு பார்சல் வந்திருக்கிறது. டெலிவரிக்காரர் கேட்டைத் திறந்து வந்து பெல் அடித்திருக்கிறார். யாரும் வராததால் சந்து வழியாகப் பின்வாசலுக்கே போய்விட்டார். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்குக் காது சரியாகக் கேட்காது. திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஆள், அலறிவிட்டார். டெலிவரிக்காரர் பார்சலை வாஷிங் மெஷின் மேல் வைத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போட்டோ ஆப்பில் வந்தது. அதில் மாமியாரின் பாதி உருவமும் இருந்தது. என் கணவருக்குக் கோபம் அடங்கவில்லை. அத்துமீறி நுழைந்ததாகப் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறேன், 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று கேட்டில் போர்டு மாட்டப்போகிறேன் என்கிறார். ஆர்டர் போட்டதே நாம்தானே என்று எனக்கு ஒரு உறுத்தல். டெலிவரிக்காரர் செய்தது அத்துமீறலா, இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் உறுத்தலும் நியாயம், கணவரின் கோபமும் நியாயம். நீங்கள் கேட்டிலிருந்து வாசற்கதவு வரை உள்ள நாலு எட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர் பின்கட்டைப் பற்றிப் பேசுகிறார். சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் வீட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

கேட் பூட்டியில்லை, 'வராதே' என்று யாரும் சொல்லவுமில்லை என்றால், ஒரு வேலையாக வருகிறவர் அதைத் திறந்துகொண்டு வாசல் வரை வரலாம், பெல் அடிக்கலாம், கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். ஆள் வரவில்லையென்றால் வந்த வழியே போய்விட வேண்டும். இதற்கு நீங்கள் வாய்திறந்து அனுமதி தரவேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1967-இல் ராப்சன் எதிர் ஹாலட் வழக்கில், வீட்டுத் தோட்டத்துக்குள் வந்து நின்ற போலீஸ்காரர்களுக்கே இந்தச் சொல்லாத அனுமதி உண்டு என்றார்கள். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1984-இல் ஹாலிடே எதிர் நெவில் வழக்கில், தடுப்பில்லாமல் வாசலுக்குப் போகும் வண்டிப்பாதைக்கும் இதையே சொன்னது.

எனக்குப் பிடித்தது 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃப்ளோரிடா எதிர் ஹார்டீன்ஸ் வழக்கில் சொன்ன தீர்ப்பு. போலீஸ் ஒரு வீட்டின் முன்வாசலுக்கு மோப்பநாயைக் கூட்டிப்போய் முகரவிட்டது. கதவைத் தட்டுவதற்கு மட்டும் வந்திருந்தால் தப்பில்லை, முகர்ந்து பார்க்க வந்ததுதான் தப்பு என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. எதற்கு வரலாம், எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கும் சாரணச் சிறுமிகளுக்கே தெரியும், இதற்குச் சட்ட நுணுக்கம் எதுவும் வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு குத்தலும் உண்டு.

ஆக, அனுமதி வந்த வேலையின் அளவுக்குத்தான். உங்கள் விஷயத்தில் நீங்களே ஆர்டர் போட்டு, விலாசமும் கொடுத்து வரவழைத்திருக்கிறீர்கள். அதனால் வாசல் வரை அவர் வந்ததில் எள்ளளவும் குற்றமில்லை. பெல்லுக்குப் பதில் இல்லாதபோது சந்துக்குள் திரும்பினாரே, அங்கேதான் எல்லை தாண்டினார். பின்கட்டு வீட்டார் புழங்கும் இடம். யாராவது அங்கே வந்து வைக்கச் சொல்லியிருந்தால் ஒழிய, அங்கே அவருக்கு வேலையில்லை.

சொல்லியிருந்தால் ஒழிய. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கோபப்படும் முன் அந்த ஆப்பைத் திறந்து, உங்கள் விலாசத்துக்குக் கீழே குறிப்பு எதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ ஒருநாள் அவசரத்தில் 'ஆள் இல்லாவிட்டால் பின்பக்கம் வைக்கவும்' என்று யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். அது அப்படியே பதிவாகி ஒவ்வொரு ஆர்டரோடும் போய்க்கொண்டிருக்கும். குடும்பமே ஒரே கணக்கில் ஆர்டர் போடும் வீடுகளில் இது சகஜம். உங்கள் கணவரே தட்டியிருந்தால் விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து போலீஸ் புகார். எல்லை தாண்டினார் என்பதாலேயே குற்றவாளி ஆகிவிடமாட்டார். இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 441-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவிலும் ஒரே அளவுகோல்தான்: குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும். பார்சலை வைத்துவிட்டு நகர்ந்த மனிதரிடம் இதில் எதைக் காட்டுவீர்கள்? இங்கிலாந்திலோ, வெறுமனே இன்னொருவர் இடத்தில் கால்வைப்பது பொதுவாக உரிமையியல் விவகாரம்தான், குற்றமே அல்ல. சிவில் வழக்கு போட்டாலும், சேதம் எதுவும் இல்லாத இடத்தில் கையில் கிடைப்பது பேருக்கு ஒரு தொகைதான். வக்கீலைப் பார்க்கப்போன செலவுக்குக்கூடக் காணாது.

'வெளியே போ' என்று சொல்லும் உரிமை எப்போதும் உங்களிடம்தான். சொன்ன பிறகும் நின்றால் கதை வேறு. ஆனால் போவதற்கு நியாயமான அவகாசம் கொடுக்கவேண்டும். பிறர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமை, அனுமதி பற்றிய இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதைச் சொல்லியே இருக்கிறது. முன்னால் சொன்ன ராப்சன் வழக்கில், மகன் உள்ளே கூப்பிட்ட சார்ஜன்டை அப்பா வெளியே போகச் சொன்னார். சார்ஜன்ட் திரும்பி நடக்கத் தொடங்கியதுமே வீட்டார் அவர் மேல் பாய்ந்துவிட்டார்கள். தப்பு பாய்ந்தவர்கள் மேல்தான் விழுந்தது. கையை ஓங்கும் பழக்கம் உள்ள வீட்டுக்காரர்கள் இதை ஒருமுறை வாசித்துக்கொள்வது நல்லது.

அந்த ஆள் ஏன் சந்துக்குள் போனார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்குப் போய்ச் சேராமல் 'டெலிவரி ஆயிற்று' என்று தட்டவே பல ஆப்கள் விடுவதில்லை. போட்டோ வேண்டும், அதில் பார்சலும், அது வைத்த இடமும் தெரியவேண்டும். தெருவிலிருந்து கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போய், அது திருடுபோனால், முதல் கேள்வி அவரிடம்தான். திரும்ப எடுத்துப்போனால், டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அது வீண் அலைச்சல். அமெரிக்காவில் இன்னொரு கூத்து: தபால் கட்டணம் கட்டாத கவரை வீட்டுத் தபால்பெட்டியில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கூரியர்காரர் சின்னஞ்சிறு கவரைக்கூட வாசல் வரை சுமந்தாகவேண்டும். இதெல்லாம் பின்கட்டுக்குள் வர உரிமை தந்துவிடாதுதான். ஆனாலும், வைக்க வேறு இடமில்லாமல் தேடிக்கொண்டு வந்தவரும் வேவு பார்க்க வந்தவரும் ஒன்றில்லையே.

அதனால் புகாரைப் போலீஸுக்கு எழுதாமல் கம்பெனிக்கு எழுதுங்கள். அதிலும், 'இந்த ஆளை வேலையைவிட்டு எடுங்கள்' என்று எழுதவேண்டாம். ஒரு நட்சத்திர ரேட்டிங்கோடு போகும் புகார் நேராக அவர் வருமானத்தில் கைவைக்கும். பின்வாசலில் வைத்தாலும் சரி என்று விட்டுவைத்த கம்பெனிக்கு ஒரு கீறலும் விழாது. இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று பதிவுசெய்யுங்கள். இரண்டு, வீட்டுப் பெரியவர் விழுந்திருக்கும் அந்தப் போட்டோவை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள். இந்தச் சம்பவத்திலேயே உங்கள் கை ஓங்கியிருப்பது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். பார்சலைப் படம் எடுக்க அவருக்குக் காரணம் இருந்தது, உங்கள் மாமியாரைப் படம் எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

விலாசக் குறிப்பையும் மாற்றி எழுதுங்கள். பலரும் 'உள்ளே வராதே, தொடாதே, பெல் அடிக்காதே' என்று வரிசையாகத் தடை போடுகிறார்கள். படிப்பவர் ஒரு கையில் பார்சல், இன்னொரு கையில் போனோடு கேட்டருகே நிற்கிறார். எங்கே வைக்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். 'கேட்டுக்கு உள்ளே வலதுபக்கம் நீலப் பெட்டி. அதில் வைத்துவிட்டுப் போன் செய்யவும். சந்துக்குள் வரவேண்டாம்.' இவ்வளவு போதும். பெட்டி வைக்கும் வரிதான் முதலில் வரவேண்டும். நீளக் குறிப்பைத் திரையில் முதல் வரியோடு வெட்டிவிடும் ஆப்கள் உண்டு. விலையுயர்ந்த பொருள் என்றால் ஓடிபி கேட்கும்படியோ, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கோ மாற்றிவிடுங்கள்.

ஆளை வரவழைக்கும் வீட்டுக்குப் பொறுப்பும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக வருகிறவர் நியாயமான அளவுக்குப் பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே உடைந்த சாக்கடை மூடி, கட்டாத நாய் என்று எது இருந்தாலும் அடிபட்டபின் 'அவர் ஏன் உள்ளே வந்தார்' என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. வரச் சொன்னது நீங்கள்தானே.

இவ்வளவு நேரம் அந்த ஆளுக்காகப் பேசிவிட்டேன். எங்கே பேசமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவுப் பிடியைத் திருகிப் பார்ப்பது, கேட்காமல் வீட்டுக்குள் கால்வைப்பது, போகச் சொன்னபின்பும் நிற்பது, டெலிவரி எதுவும் இல்லாத நாளில் வந்து எட்டிப்பார்ப்பது, பார்சலுக்காகக் கொடுத்த நம்பருக்கு இரவில் 'ஹாய்' அனுப்புவது. இதில் எது நடந்தாலும் கஸ்டமர் கேரோடு நிறுத்தவேண்டாம். நேராகப் போலீஸுக்குப் போங்கள். மெசேஜையும் கேமரா பதிவையும் அழிக்காதீர்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு அதே 329-ஆம் பிரிவு கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவு இருக்கிறது. 'பாவம், பிழைப்பு போய்விடும்' என்ற இரக்கம் இங்கே வேண்டாம்.

உங்கள் வீட்டில் நடந்தது அந்த ரகமில்லை. அங்கே சிக்கலே பெல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னறையில் அடித்த பெல் பின்கட்டில் இருந்தவருக்குக் கேட்டிருந்தால், டெலிவரிக்காரர் சந்துக்குள் திரும்பியே இருக்கமாட்டார். பெல் அடித்தால் விளக்கு மின்னுகிற வயர்லெஸ் பெல் கடைகளில் கிடைக்கிறது. மின்னும் பகுதியைப் பின்கட்டில் மாட்டிவிடலாம். சந்தின் வாயில் ஒரு சின்னக் கதவும், உள்பக்கத் தாழ்ப்பாளும் போடுங்கள். மாமியாரையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தாழ்ப்பாள் எங்கே இருக்கவேண்டும் என்பது அங்கே நாளெல்லாம் புழங்குகிறவருக்குத்தான் தெரியும். 'இனி பின்பக்கம் போகாதீர்கள்' என்று அவரை உள்ளே உட்காரவைக்கும் தீர்வு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, கணவர் கேட்ட போர்டு. அமெரிக்காவில் ஒரு வீட்டின் வளவைச் சுற்றியும், வாசற்கதவிலுமாக இப்படிப் பல போர்டுகள் இருந்தன. அப்படியும் போலீஸ் போய்க் கதவைத் தட்டியது. 2016-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட மூவரில் இருவர், தட்டுவதற்குள்ள அனுமதியை அந்தப் போர்டுகள் ரத்துசெய்துவிடவில்லை என்றார்கள். மறுத்து எழுதிய மூன்றாமவர் நீல் கோர்ஸச். மறு வருஷம் அவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆகிவிட்டார். நீதிபதிகளே ஒத்துப்போகாத போர்டு அது. கேட்டில் அதை மாட்டிவிட்டு ஆப்பில் ஆர்டரும் போட்டால், வருகிறவர் எதை நம்புவார்? மாட்டத்தான் வேண்டுமென்றால் சந்து தொடங்கும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். தண்டனையெல்லாம் வேண்டாம், 'இதற்கு மேல் வரவேண்டாம், பார்சல் நீலப் பெட்டியில்' என்று பெட்டியைக் காட்டும் அம்புக்குறியோடு, இருட்டிலும் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.