அடினியத்தின் நுனி கறுத்தால் தண்ணீர் ஊற்றலாமா?

தொட்டியில் வளரும் அடினியத்தில், அதாவது பாலைவன ரோஜாவில், கிளை நுனி கறுத்துக் கீழிறங்குகிறது, இலையும் கொட்டுகிறது, தண்ணீர் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்.

பருத்த அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். தாகத்தில் இருக்கும் செடியும் லேசாக அமுங்கும். ஆனால் தோல் சுருங்கியிருக்குமே தவிர நிறம் மாறாது. கனிந்த சப்போட்டா மாதிரி கொழகொழத்து வாடையும் அடித்தால், அழுகல் வேரிலிருந்து ஏறுகிறது. செடியைப் பிடுங்கி, அழுகியதைச் செதுக்கி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, மணல் தூக்கலான கலவையில் நடுங்கள்.

அடி கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் நடுவே பழுப்புப் புள்ளி தெரிகிறதா? இன்னும் கீழே வெட்டுங்கள். மொட்டு இருக்கிறதே என்று நான் ஒரு விரற்கடை விட்டுவைத்தேன்; பத்தே நாளில் கிளை முழுதும் போனது. முழுக்க வெள்ளையானதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள். செடியில் வடியும் பால் விஷம், கையை நன்றாகக் கழுவுங்கள்.

அப்புறம், தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.