சேரின் கதவைத் தட்டுமுன் கையில் இருக்க வேண்டிய தாள்

கேள்வி: நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆரையம்பதியிலிருந்து தினமும் வந்து போகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்ததால், ஆங்கிலத்தில் நடக்கும் புள்ளிவிபரவியல் பாடம் பாதிதான் விளங்குகிறது. பாடம் எடுக்கும் சேர், 'புதன்கிழமை 2 மணி முதல் 4 மணி வரை மாணவர்கள் சந்திக்கலாம்' என்று தன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். இரண்டு தரம் கதவடி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. போனால் 'காக்கா பிடிக்கிறாள்' என்று பெட்ச்சில் கதைப்பார்கள் என்றும் பயம். நான் போகத்தான் வேண்டுமா? போனால் எப்படிக் கதைப்பது?

பதில்: போங்கள், மகள். வருகிற புதனே போங்கள். வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.

'என்ன கேட்பது என்றே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களைக் கதவடியிலிருந்து திருப்பி அனுப்பியது அதுதான். பாடம் விளங்காத பிள்ளைக்குக் கேள்வியும் எளிதில் வராது. ஆகவே கேள்வியைத் தேடி மண்டையைக் குழப்ப வேண்டாம். ஒரு பாஸ்ட் பேப்பர் கணக்கை எடுங்கள். நோட்ஸைப் பார்த்தாவது செய்யத் தொடங்குங்கள். எந்த வரியில் பேனை நிற்கிறதோ, அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கேள்வி.

உங்கள் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். 4 வகைப் பசளை, 3 பிளொக் (வயலின் பகுதிகள்), மொத்தம் 12 வயல் துண்டுகள் என்று ஒரு பரிசோதனை. டிகிரீஸ் ஒஃப் ஃப்ரீடம் கணக்கிட வேண்டும். துண்டு, பசளை போன்றவற்றுக்கு அது எண்ணிக்கையில் ஒன்று குறைவு; அவை போக மொத்தத்தில் மிஞ்சுவது எரருக்கு, அதாவது காரணம் சொல்ல முடியாத வேறுபாட்டுக்கு. ஒரு பிள்ளை வந்து, "சேர், எனக்கு பிளொக் டிசைன் விளங்கவில்லை" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் என்ன செய்வேன்? விரிவுரையில் சொன்னதையே இன்னொரு தரம், கொஞ்சம் வேகமாகச் சொல்வேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். இரண்டு பேருடைய இருபது நிமிடமும் வீண்.

இன்னொரு பிள்ளை தாளோடு வருகிறாள். "சேர், மொத்தம் 11, பசளைக்கு 3, ஆகவே எரருக்கு 8 என்று போட்டேன். விடையில் 6 இருக்கிறது. மிச்ச 2 எங்கே போனது?" இவளுக்கு என் பதில் முழுக்க வேறு. பேனையை எடுத்து அவளுடைய தாளிலேயே ஒரு வயலை வரைவேன். இந்தப் பக்கம் வாய்க்கால், இங்கே மண் ஈரம். அந்தப் பக்கம் மேடு, நம் கரையோர மணல் மாதிரி காய்ந்து கிடக்கும். ஈரத்தால் வந்த விளைச்சலைப் பசளையால் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது என்றுதான் வயலை மூன்றாகப் பிரித்தோம். அந்த மூன்று பிளொக்குக்கு 3-இல் 1 குறைந்தால் 2. நீங்கள் தொலைத்த 2 அதுதான். பிளொக்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டதால் அதுவும் எரருக்குள் போய்விட்டது. இதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்தப் பிள்ளைக்கு அது மறக்காது.

இரண்டு பேருக்கும் விளங்காதது ஒரே விஷயம்தான். ஆனால் பிழையான அந்த 8-ஐக் கண்டதும், அவள் எந்த இடத்தில் வழி தவறினாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிழையான விடையைக் காட்ட வெட்கப்பட்டு, அதை அழித்துவிட்டு வெள்ளைத் தாளோடு வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அழிக்காதீர்கள். நாங்கள் வேலையைத் தொடங்கும் இடம் அந்தப் பிழைதான்.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணிநேரக் கற்றல். 3 கிரெடிட் பாடமென்றால் 150 மணிநேரம். வாரத்துக்கு 3 மணிப்படி 15 வாரம் மண்டபத்தில் இருந்தாலும் 45தான் வரும். மிச்ச 105 மணிநேரத்தில் விளங்காத இடங்களுக்குத் துணை வேண்டும். ஆரையம்பதிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையே, மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் மாறி ஏறி, நாளில் பெரும்பகுதியைப் பாதையில் கழிக்கும் பிள்ளைக்குப் போர்டிங்கில் கூடிப் படிக்கும் வசதியும் குறைவு. அந்தப் புதன்கிழமை இரண்டு மணிநேரம் மற்றவர்களைவிட உங்களுக்கே கூடத் தேவை.

எப்போது போவது என்பதும் முக்கியம். பரீட்சைக்கு முந்திய வாரம் அறை வாசலில் வரிசை நிற்கும். ஆளுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. செமெஸ்டரின் மூன்றாம், நான்காம் வாரத்தில் அதே அறையில் சேர் தனியாக இருப்பார். நான் மாணவனாக இருந்தபோது செமெஸ்டர் முழுவதும் தள்ளிப்போட்டு, பரீட்சைக்கு முதல் நாள் பதினொரு கேள்வியோடு ஒரு விரிவுரையாளரிடம் போனேன். அவர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, "எதிலிருந்து தொடங்க, தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. முதல் கேள்வி விளங்காததால்தான் மற்றப் பத்தும் வந்தன என்பது அவர் முன்னால் இருக்கும்போதுதான் உறைத்தது. அன்று அவர் தந்த அரை மணிநேரத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தை நான் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

இனி உள்ளே போய்க் கதைப்பது. போவதற்கு முதல் நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சேர் வட்ஸ்அப்பில் மாணவர்களோடு தொடர்பில் இருப்பவரென்றால் அதில், இல்லாவிட்டால் மின்னஞ்சலில். இரவு பத்து மணிக்குப் பிறகு வேண்டாம். இவ்வளவு போதும்: 'வணக்கம் சேர், நான் இரண்டாம் வருடம், என் பதிவு எண் இது. பிளொக் டிசைன் கணக்கொன்றில் எரருக்கு டிகிரீஸ் ஒஃப் ஃப்ரீடம் எடுக்கும் இடத்தில் நிற்கிறேன். நாளை 2 மணிக்கு வரலாமா?' பதில் வராவிட்டாலும் போங்கள். நேரம் கதவில் ஒட்டியிருக்கிறதே. கதவைத் தட்டி, "சேர், வரலாமா?" என்று கேட்டு, பெயரையும் வருடத்தையும் சொல்லி, தாளை மேசையில் அவர் பக்கம் திருப்பி வையுங்கள். அதற்குப் பிறகு கதையைத் தாளே நடத்தும்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். சேருக்குத் தமிழ் தெரியுமென்றால், "சேர், தமிழில் கேட்கலாமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளிப்பவர் அரிது. ஆனால் ஒன்று: விளக்கம் தமிழில் இருந்தாலும், கலைச்சொற்களைப் பரீட்சையில் வருகிற ஆங்கில வடிவிலேயே கொப்பியில் எழுதுங்கள். தமிழில் நன்றாக விளங்கிய பிள்ளைகள், வினாத்தாளில் அந்தச் சொல்லை அடையாளம் காணாமல் புள்ளி இழந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சேர் சிங்களம் பேசுபவரென்றால் கேள்வியை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டு போங்கள். வாசித்துக் காட்டினால் போதும். இலக்கணத்துக்கு அங்கே யாரும் புள்ளி குறைப்பதில்லை.

தனியாகப் போகத் தயக்கமென்றால் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. கதவு திறந்தே இருக்கட்டும். எந்த அறையிலாவது மனதுக்குச் சரியில்லை என்று பட்டால், எழுந்து வந்து மாணவர் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

'காக்கா பிடிக்கிறாள்' என்ற கதை. சும்மா அறையில் போய்ச் சிரித்துவிட்டு, பரீட்சையில் என்ன வரும் என்று சாடையாகக் கேட்டு, அசைன்மென்ட்டுக்கு இரண்டு புள்ளி கூடக் கேட்டு வருவதைத்தான் அப்படிச் சொல்லலாம். அதை நீங்கள் செய்யப் போவதில்லை. கற்றுக்கொண்டதை வந்து பெட்ச்சுக்குச் சொல்லுங்கள். அந்த 2 எங்கே போனது என்று நான்கு பேருக்கு விளங்கப்படுத்தினால், அடுத்த புதன் அவர்களே உங்களிடம் கேள்வி தந்து அனுப்புவார்கள். இது நான் கண்ணால் கண்டது. விரிவுரையாளரோடு கதைக்கவே கூடாது என்று சீனியர்கள் மிரட்டினால் அது வேறு விஷயம். அதைச் சம்பிரதாயம் என்று பொறுக்க வேண்டாம். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாணவர் ஆலோசகரிடம் முறையிடலாம்.

ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கும் இதே முறைதான். அங்கே வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தில் கதவைத் தட்டிப் பயனில்லை. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருப்பதால், சேர் அன்று எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. இறுதி வருட ஆய்வுக்கு மேற்பார்வையாளர் தேவைப்படும். வேலைக்கோ மேற்படிப்புக்கோ சிபாரிசுக் கடிதம் தேவைப்படும். பதிவு எண்ணை மட்டும் அறிந்தவர் 'நல்ல மாணவி' என்று ஒரு வரி எழுதுவார். 8-ஐயும் 6-ஐயும் வைத்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு ஒரு பக்கம் போதாது.

அறையை விட்டு வந்ததும் நேரே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். வளாகத்தில் ஒரு வாங்கில் பத்து நிமிடம் இருந்து, சேர் சொன்னதை உங்கள் சொல்லில் எழுதுங்கள். பிறகு 5 பசளை, 4 பிளொக் என்று எண்களை மாற்றி, எதையும் பார்க்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். எரருக்கு 12 வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். 15 வந்தால் மணியைப் பாருங்கள். நாலு ஆகியிருக்காவிட்டால் திரும்பிப் போய்க் கதவைத் தட்டுங்கள்.