ஆங்கில வகுப்பில் முதலில் இலக்கணமா, எழுத்தா, இலக்கியமா?

இந்த வருசம்தான் நியமனம் கிடைத்து அம்பாறைப் பக்கம் தரம் 9, 10க்கு ஆங்கிலம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இலக்கணத்தை முடித்துவிட்டு எழுத விடுவதா, எழுத விட்டுப் பிறகு திருத்துவதா, இதற்குள் இலக்கியத்துக்கு எங்கே நேரம் என்பது உங்கள் கேள்வி.

எழுத விடுங்கள். இலக்கணத்தை அவர்கள் எழுதியதிலிருந்தே எடுங்கள். ‘இலக்கணம் முடிந்த பிறகு’ என்று ஒரு நாள் வரவே வராது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பல வருசம் அதற்காகக் காத்திருந்த ஆள் நான்.

அங்கே முதல் வருசம் காலங்கள் பன்னிரண்டையும் கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். இடைவெளி நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் சரியாக நிரப்பினார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ‘ஹீ இஸ் வென்ட்’ என்று வந்தது. ‘என் நண்பன்’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நண்பன்: உயரமானவன், வெள்ளை நிறம், அப்பா டொக்டர். வழிகாட்டிப் புத்தகத்து நண்பன்.

ஒரு பிள்ளை மட்டும் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். ‘மை ஃபாதர் நைட் லகூன் கோ. ஹீ கேட்ச் க்ராப். சம் டே நோ க்ராப். ஹீ கம், நோ டோக், ஸ்லீப்.’ வாவிக்கு நண்டுக்குப் போய், வெறுங்கையோடு வந்து, ஒரு கதையும் இல்லாமல் படுக்கிற மனுசன் அந்த நாலு வரிக்குள் இருந்தார். நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனையால் எல்லா இடமும் கீறி, பத்துக்கு 3 போட்டேன். அடுத்த கிழமை அவளும் அந்த உயரமான வெள்ளை நண்பனைக் கொண்டுவந்தாள். ஒரு பிழை இல்லை. 8 போட்டேன். கொப்பியை மூடின பிறகுதான் உறைத்தது.

அதுக்குப் பிறகு கொப்பி திருத்துகிற முறையை மாற்றினேன். ஒரு கிழமைக்கு ஒரே வகைப் பிழையைத்தான் தொடுவேன். இந்தக் கிழமை இறந்த காலம் என்றால் மற்றதெல்லாம் கண்ணில் குத்தினாலும் விட்டுவிடுவேன். ஐந்து ஆறு வசனம் போதும், பக்கக் கணக்கு வேண்டாம். நாற்பது கொப்பியை ஒரு இரவில் பார்த்து முடிக்கவும் இதுதான் வழி.

பிழை ஏன் வருகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஐ ஆம் கோ’ என்று எழுதுகிற பிள்ளைக்கு நிகழ்காலம் தெரியாது என்று நினைக்காதீர்கள். சின்ன வகுப்பில் ‘ஐ ஆம்’ என்பதை ஒரே சொல்லாகப் பாடமாக்கி, அதுதான் ‘நான்’ என்று வைத்திருக்கிறது. ‘ஹீ இஸ்’ என்றால் ‘அவன்’. அப்படியானால் ‘அவன் போனான்’ என்பது ‘ஹீ இஸ் வென்ட்’ ஆகத்தானே வேண்டும்? தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்று சொல்லும்போது நடுவில் ஒன்றும் தேவையில்லை. அதனால் அந்த ‘இஸ்’ எதுக்கு நிற்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. கட்டம் போட்டு இதைத் திருத்த ஏலாது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருகிற ‘ஏ’, ‘த’ இரண்டும் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய தலையிடி. விதி சொல்லிக் களைத்த ஒரு நாள், “ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தார்” என்று தொடங்கிவிட்டுக் கேட்டேன்: “மறுகா என்ன சொல்லுவம்?”

“அந்த ராசாவுக்கு மூணு பொண்டாட்டி” என்றான் பின்வாங்குக்காரன். வகுப்பே சிரித்தது.

“ஏன் மனே, ரெண்டாந்தரமும் ‘ஒரு ராசா’ எண்டு சொன்னா என்ன?”

“அது வேற ராசாவாகிரும் சேர்.”

அவ்வளவுதான். முதல் வரும்போது ‘ஏ கிங்’, தெரிந்த பிறகு ‘த கிங்’. இதை வைத்து முழுவதையும் கடக்க முடியாது. ‘ஹீ இஸ் ஏ டீச்சர்’ என்ற இடத்தில் ராசா கைவிட்டுவிடுவார், ஏனென்றால் தமிழில் அங்கே ‘ஒரு’ வராது. ஆனால் கதை எழுதும்போது வருகிற பிழையில் பெரும்பகுதி போய்விடும். தமிழைத் தள்ளி வைத்துவிட்டு ஆங்கிலம் படிப்பியுங்கள் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளை தமிழை வகுப்புக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

நீளமான வசனமும் அப்படித்தான். ‘நேற்று வாவியில் நண்டு பிடித்த அப்பா’ என்று நாங்கள் விளக்கத்தை எல்லாம் முன்னுக்கு அடுக்கிக் கடைசியில் ஆளைச் சொல்வோம். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நிற்பார், விளக்கம் பின்னால் வரும். பிள்ளையிடம் அந்த வசனத்தை வெட்டச் சொல்லுங்கள்: அப்பா நண்டு பிடித்தார், நேற்று, வாவியில். வெட்டினதை ஆங்கிலத்தில் எழுதட்டும், ‘ஹூ’ போட்டு ஒட்டுவது பிறகு. சாதாரண தரப் பரீட்சையில் கடிதத்துக்கு 100 சொல், கட்டுரைக்கு 200 சொல் கேட்கும்போது கைகொடுப்பது இந்த வெட்டுத்தான். பாடமாக்கின கட்டுரை தலைப்புக் கொஞ்சம் மாறினாலே கவிழ்ந்துவிடும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். இப்போதைய முறையில் சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம். சங்கீதம், நடனம், சித்திரத்தோடு ஒரே கூடைக்குள் கிடக்கிறது. நான் படிப்பித்த பள்ளிக்கூடங்களில் அதை எடுக்கப் பிள்ளையும் இருக்கவில்லை, படிப்பிக்க ஆளும் இருக்கவில்லை. அதற்காக இலக்கியமே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நாடகம் என்றால் என்ன என்று நீங்கள் தொடக்கத்திலிருந்து சொல்லத் தேவையில்லை. கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை இருப்பதை அவனே உங்களுக்குச் சொல்லித் தருவான். உங்கள் மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து ‘மதங்க சூளாமணி’ என்ற நூலை எழுதினார். அந்த வேலையைத்தான் நாங்கள் வகுப்பில் சின்ன அளவில் செய்கிறோம்.

நான் செய்வது ஒன்றுதான். வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு ஒரு நாட்டார் கவி கொண்டுவரச் சொல்வேன். குழுவாக இருந்து அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நாலே வரி, ஆனால் இரண்டு பாடவேளை போய்விடும். போன தவணை ஒரு குழு ‘மச்சான்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டது. ஒருத்தி ‘கசின்’ என்றாள். அப்படிப் போட்டால் காதல் எங்கே என்று மற்றவள் சண்டை. ‘பிரதர் இன் லோ’ என்றான் ஒருவன், வகுப்பே கத்தியது. ‘லவர்’ என்றதற்கு, “அம்மம்மா அடிப்பா சேர்” என்று பதில் வந்தது. ஒரு சொல்லுக்கு எத்தனை நிறை இருக்கிறது என்று அன்றைக்குப் பிள்ளைகளே நிறுத்துப் பார்த்தார்கள். நான் படிப்பித்திருந்தால் அவ்வளவு வராது.

கடைசியில் ‘மச்சான்’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் போட்டார்கள். அந்த விளக்க வரியில் ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘த’ போட்டிருந்தார்கள். அது இறந்த காலக் கிழமை என்றபடியால் விட்டுவிட்டேன்.