கயிற்றில் போர்வை தொங்கும் அந்தப் படம்

ஒரே அறையில், நடுவே கயிற்றில் போர்வை தொங்கும் பழைய படம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேடுவது 1934இல் வந்த ஹாலிவுட் படம் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'. ஓடிவந்த பணக்காரப் பெண், வேலை போன நிருபர், ஒரே அறை, நடுவே கயிற்றில் போர்வை, எல்லாம் அதில்தான். ஃபிராங்க் காப்ரா இயக்கம். கிளார்க் கேபிள், கிளாடெட் கோல்பெர்ட் ஜோடி.

'ரோமன் ஹாலிடே' (1953) பார்த்துவிட்டு "போர்வையைக் காணோமே" என்று எழுதியிருக்கிறீர்கள். குழம்புவது சகஜம். அதிலும் வீட்டை விட்டு ஓடிவருகிற பெண், அதிலும் நிருபர். ஆனால் அவள் இளவரசி. கடைசியில் கடமைக்கே திரும்பிவிடுவாள்.

'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' கிடைத்ததும் டோனட் காட்சியைப் பாருங்கள். டோனட்டைக் காபியில் எப்படி முக்குவது என்று கோடீஸ்வரர் மகளுக்கு அந்த நிருபர் பாடம் எடுப்பான். ரொம்ப நேரம் ஊறவிடக் கூடாதாம்! அவ்வளவு பணம் இருந்தும் முக்கத் தெரியவில்லையே என்று சீண்டுவான் பாருங்கள், பணக்காரி ஏழை சமாசாரம் முழுக்க அந்தக் கோப்பைக்குள் அடங்கிவிடும். அப்புறம் கட்டைவிரலை ஆட்டி ஆட்டி அவன் லிஃப்ட் கேட்டுத் தோற்பான். அவள் பாவாடையைச் சற்றே உயர்த்தி முதல் காரையே நிறுத்தி ஜெயிப்பாள்.

ஒன்று மட்டும். கலரில், பாட்டோடு பார்த்த ஞாபகம் என்றால் அது ஜாக் லெமன் நடித்த 1956 மறு ஆக்கம். பாட்டு இந்தியில் என்றால் ராஜ் கபூர், நர்கிஸின் 'சோரி சோரி'. அதுவும் அதே வருஷம்தான்.