கணித மென்பொருளை ஆய்வகத்தில் நிறுவினால் ஆபத்தா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் சேஜ்மேத் மென்பொருளை நிறுவித் தருமாறு கணிதத் துறையின் சார்பில் கேட்டோம். அதன் வழியாக மாணவர்கள் கணினிக்கு எந்தக் கட்டளையையும் கொடுத்துவிட முடியும் என்று கூறி ஆய்வகப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். அவருடைய அச்சம் நியாயமானதுதானா?
– கணித ஆசிரியை ஒருவர்

பதில்: அவர் சொல்லும் காரணம் உண்மைதான், ஆனால் அது மறுப்பதற்குப் போதுமான காரணம் அன்று. வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய சேஜ்மேத், பைத்தான் மொழியை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே, சமன்பாட்டைத் தீர்க்கும் அதே கட்டத்தில் 'ஓஎஸ்.சிஸ்டம்' என்று எழுதி, கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் கொடுத்துவிடலாம். ஆக்டேவ், மாக்சிமா ஆகிய பிற கணித மென்பொருள்களிலும் 'சிஸ்டம்' என்ற கட்டளை உண்டு. எனினும் அக்கட்டளையால், மென்பொருளை இயக்குபவரின் பயனர் கணக்குக்கு உள்ள உரிமைக்கு உட்பட்டதை மட்டுமே செய்ய முடியும். ஆய்வகக் கணினிகளில் பைத்தானோ சி கம்பைலரோ ஏற்கெனவே இருக்குமானால், இந்த வசதி மாணவர்களிடம் முன்பே இருக்கிறது.

பொறுப்பாளர் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் வேறு. சேஜ்மேத் கட்டளைகளை உலாவியில் எழுதி இயக்க உதவும் ஜூபிட்டர் நோட்புக்கை ஒரே சர்வரில், ஒரே பயனர் கணக்கில் இயக்கி, வகுப்பு முழுவதையும் அதில் இணைத்துவிட்டால், ஒரு மாணவர் மற்றவரின் விடைகளைப் படிக்கவும் அழிக்கவும் வழி பிறக்கிறது. வழக்கமான அமைப்பில் ஜூபிட்டர் தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே, 8888 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்), டோக்கன் எனும் கடவுச்சொல் போன்ற குறியீட்டைக் கேட்டுத்தான் திறக்கும். வசதி கருதி அந்த டோக்கனை நீக்கி, நெட்வொர்க் முழுவதற்கும் திறந்துவிடுவதே பெருந்தவறு. பலர் பகிர்ந்து பயன்படுத்துவதற்கென்றே ஜூபிட்டர்ஹப் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கும் தனி இயக்கமும் அமைக்கலாம்.

கெட்ட எண்ணம் இல்லாத மாணவராலும் சர்வர் திணறக்கூடும். 200 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனால், அந்தக் கணக்கீடு பிராசசரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பயனர் கணக்கும் எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வைக்காமல் பொதுச் சர்வரைத் திறக்கக் கூடாது என்பதே என் கருத்து.

பலர் கவனிக்கத் தவறும் இரண்டைச் சொல்ல வேண்டும். நிறுவிய கோப்புறையில் எழுதும் உரிமை நிர்வாகியிடம் மட்டுமே இருக்க வேண்டும். மாணவர்களும் அதில் எழுத முடிந்தால், ஒருவர் திருத்திய நிரலை மற்ற அனைவரும் அறியாமலே இயக்க நேரும். அடுத்து, சேஜ்மேத் சேமிக்கும் 'எஸ்ஓபிஜே' கோப்புகள் பைத்தான் தன் தரவுகளைக் கோப்பாகச் சேமிக்கும் பிக்கிள் வடிவில் உள்ளவை; அத்தகைய கோப்பைத் திறக்கும்போதே அதனுள் மறைந்திருக்கும் நிரல் ஓடிவிடக்கூடும் என்பதால், அறியாதவர் அனுப்பியதைத் திறக்க வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

சேஜ்மேத் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு இடமில்லை என்றால், மாணவர்களில் சிலர் விலையுள்ள கணித மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடிப் போவார்கள். அத்தகைய பிரதிகளோடு வைரஸ் சேர்ந்து வருவது அரிதன்று. பொறுப்பாளரிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லையென்றால், ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவிவிடலாம். விண்டோஸ் கணினியாக இருந்தால் முதலில் நிர்வாகி, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூஎஸ்எல்லை அமைத்துத் தர வேண்டும். அதன்பின் மாணவர்கள் நிர்வாகி உரிமையற்ற தங்கள் சொந்தக் கணக்கில் இயக்குவார்கள், நெட்வொர்க்குக்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டிய தேவை இராது.