புரோமோ எரிமலை வாய்வரை அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். ஜூன் பள்ளி விடுமுறையில், இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து நள்ளிரவில் கிளம்பி ஒரே நாளில் புரோமோ எரிமலையைப் பார்த்துத் திரும்ப எண்ணியுள்ளோம். பத்து வயது மகனும், லேசான ஆஸ்துமா உள்ள 64 வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். எல்லாரும் எரிமலை வாய்வரை ஏறலாமா?

பதில்: மகன் உங்கள் கையைப் பிடித்தபடி ஏறலாம், அம்மா ஏற வேண்டாம் என்பதே என் கருத்து. படிகளை எண்ணி இதைச் சொல்லவில்லை. ஏறத்தாழ 250 படிகள்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் பதினைந்து மாடி ஏறுவதைப் போன்றது. ஆனால் அவை 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே என்பதால், கடலோரத்திலேயே வாழ்ந்து பழகிய நமக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதைவிட முக்கியமானது, எரிமலை வாயிலிருந்து எழும் புகையில் கலந்திருக்கும் கந்தக டைஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழல்களை அது சிறிதளவிலேயே இறுகச் செய்துவிடும். புகைமூட்டக் காலத்தில் நாம் அணியும் என்95 முகக்கவசம் சாம்பலையும் மணல்தூசியையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்று திடீரெனத் திசை மாறினால், நெரிசலான குறுகிய விளிம்பிலிருந்து அம்மாவால் விரைந்து இறங்க இயலாது.

அம்மாவுக்கு ஏற்ற இடம் பெனாஞ்சாக்கான் காட்சிமுனை. 2,770 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அங்கே புகையின் தொல்லை பெரும்பாலும் இல்லை. பெரும்பகுதி தூரம் ஜீப்பிலேயே போய்விடலாம். உண்மையில் புரோமோவின் முழு அழகும், அதைச் சூழ்ந்த மணல்வெளியான மணற்கடலும் பின்னால் நிற்கும் செமேரு மலையும் சேர்ந்து, அங்கிருந்துதான் தெரியும். ஜூன் மாத விடியலில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும்; குளிர்காற்றும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால் மூக்கையும் வாயையும் கம்பளித் துணியால் மூடிக்கொள்ளட்டும். இன்ஹேலர் பெட்டியில் அல்ல, அவர் கைக்கெட்டும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். புறப்படுமுன் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

நள்ளிரவுப் பயணத்தையும் கைவிடுங்கள். தூக்கமில்லாமல் மூன்று நான்கு மணி நேரம் மலைப்பாதையில் வந்து, உடனே குளிரில் நிற்பது குழந்தைக்கும் பெரியவருக்கும் கொடுமை. முதல்நாளே செமோரோ லாவாங் சிற்றூரில் தங்கினால், உயரத்துக்கு உடல் சற்றுப் பழகும். அவ்வட்டாரத்தில் வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள்; மணற்கடலில் அவர்களுடைய கோயிலும் உண்டு. அவர்களின் கசாடா விழா ஜூனில் வரும் ஆண்டுகளில் சுற்றுப்பயணிகளுக்கு அனுமதி நிறுத்தப்படுவதுண்டு. டிக்கெட் எடுக்குமுன் தேதியைப் பாருங்கள்.

விளிம்பில் படிகளின் முடிவையொட்டிச் சிறிது தூரத்துக்கே தடுப்பு வேலி இருக்கிறது. அதைத் தாண்டி மகனை விடாதீர்கள். 2004 ஜூனில் திடீரென வெடித்தபோது இருவர் உயிரிழந்த மலை இது. இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்புத் துறை அபாயத்தை நான்கு நிலைகளாக அறிவிக்கிறது. இரண்டாம் நிலை நடப்பில் இருந்து, எரிமலை வாயைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் நுழைய வேண்டாம் என்று அது சொல்லியிருந்தால், ஜீப் ஓட்டுநர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் நீங்களும் ஏறாமல், அம்மாவுடன் காட்சிமுனையிலேயே இருந்துவிடுங்கள்.